ஐயரம்மா பதில்கள்: எப்போது வளருவோம்?

(விசுவாச வாழ்வைப் பற்றி வாசகர்கள் அனுப்பும் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர், திருநெல்வேலிப் பக்கத்துச் சேகரங்களில், அதாவது ஒரு போதகரின் பொறுப்பில் உள்ள சபைகளில், ஐயரம்மாவாகவும் (ஐயர் என்று அழைக்கப்படும் போதகரின் மனைவி), பள்ளியில் கணக்கு டீச்சராகவும் இருந்து ஓய்வு பெற்றவர்.)

கேள்வி: பத்து வருடத்துக்கு முன்பு குற்றாலத்தில் நடந்த வாலிபர் முகாமில் இரட்சிக்கப்பட்டேன். அப்போதெல்லாம் முழங்கால் போட்டாலே கண்ணீர் வரும். வேதத்தைத் திறந்தால் எனக்கென்றே எழுதியது போல இருக்கும். இப்போதும் வாசிக்கிறேன், ஜெபிக்கிறேன். ஆனால் உள்ளே ஒன்றும் அசையவில்லை. சிறுசேரியில் ஐடி வேலை, பெரும்பாலும் நைட் ஷிப்ட். நான் விசுவாசத்தை விட்டு விலகிய பின்மாற்றக்காரன் ஆகிவிட்டேனா?
– வாசகர், தாம்பரம்

தம்பி, முதலில் நீங்கள் எவ்வளவு நேரம் தூங்குகிறீர்கள் என்று எழுதியிருக்க வேண்டும். கிண்டலுக்குக் கேட்கவில்லை. 1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். கர்மேல் மலையில் அக்கினியை இறக்கின எலியா, அடுத்த அதிகாரத்திலேயே சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து "போதும் கர்த்தாவே" என்கிறார். அவருக்குத் தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் வைத்துவிட்டுச் சாப்பிடச் சொல்கிறான். சாப்பிட்டுத் தூங்குகிறார். மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொல்கிறான். ஓரேபில் கர்த்தர் பேசினது அதற்கெல்லாம் அப்புறம்தான். பகலில் திரைச்சீலையை இழுத்துவிட்டு அரைத்தூக்கம் தூங்கி, எழுந்ததும் வேதத்தைத் திறந்துவிட்டு "ஒன்றும் தோன்றவில்லை" என்று உங்களையே கேவலமாக நினைக்காதீர்கள். சாப்பாடு, வேலை, சிநேகிதர்கள் என்று எதிலுமே மனம் ஒட்டாமல் வாரக்கணக்கில் போனால் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். விசுவாசம் குறைந்தவர்கள்தான் அங்கே போவார்கள் என்று யாராவது சொன்னால் என் பெயரைச் சொல்லிச் சண்டை போடுங்கள்.

அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், நீங்கள் இழந்துவிட்டதாக நினைப்பது எது என்று பார்க்க வேண்டும். முகாமில் வந்த கண்ணீரில் பாட்டு உண்டு, நண்பர்கள் உண்டு, வீட்டை விட்டு நான்கு நாள் வெளியே வந்த சுதந்தரம் உண்டு, கர்த்தரும் உண்டு. மற்றதெல்லாம் போய்விட்டது. கர்த்தரும் போய்விட்டார் என்று எப்படி முடிவுக்கு வந்தீர்கள்?

எங்கள் பழைய ஜெபப் புத்தகத்தில் 150 சங்கீதங்களையும் 30 நாளுக்குக் காலை, மாலை என்று பிரித்துப் போட்டிருப்பார்கள். 1662ஆம் வருஷத்து இங்கிலாந்து ஜெபப் புத்தகத்திலிருந்து வந்த முறை. அதில் ஒவ்வொரு மாதமும் 17ஆம் தேதி காலையில் 88ஆம் சங்கீதம் வரும். "கர்த்தாவே, ஏன் என் ஆத்துமாவைத் தள்ளிவிடுகிறீர்? ஏன் உமது முகத்தை எனக்கு மறைக்கிறீர்?" என்று போய், கடைசி வசனம் வரைக்கும் வெளிச்சமே இல்லாமல் முடிகிற சங்கீதம். மற்ற புலம்பல் சங்கீதங்களில் பெரும்பாலும் முடிவிலாவது ஒரு ஸ்தோத்திரம் தலைகாட்டும். இதில் அதுவும் கிடையாது. அன்றைக்கு உங்கள் வீட்டில் கல்யாணமாக இருந்தாலும் அதைத்தான் வாசிக்க வேண்டும். 30ஆம் தேதி மாலை உங்கள் மனம் கல்லாக இருந்தாலும் "அல்லேலூயா" என்று முடிகிற 150ஐ வாசித்தாக வேண்டும். நம்முடைய மனநிலையைக் கேட்டுக்கொண்டு அது நடக்காது. என் வீட்டுக்காரர் இந்த முறையை விடவே இல்லை. எனக்கு ஆரம்பத்தில் வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரிதான் இருந்தது. ஆனால் 88 போன்ற ஒன்றை வேதத்துக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள் என்றால், அப்படி ஜெபிப்பவனும் விசுவாசிகளின் கணக்கில்தான் இருக்கிறான். ஒரு மாதம் இதைச் செய்து பாருங்கள். ஷிப்டு காரணமாகக் காலை எது, மாலை எது என்று குழம்பினால் தூங்கி எழுந்ததும் ஒன்று, தூங்கப்போகும்போது ஒன்று. ஏதாவது தோன்றியதா என்று மட்டும் சோதித்துப் பார்க்காதீர்கள்.

கேள்வி: நான் ஆஸ்பத்திரியில் நர்ஸ். வெள்ளிக்கிழமை இரவு ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்துக்குப் போகிறேன். அங்கே எல்லாரும் அந்நியபாஷையில், அதாவது ஆவியின் வரமாக வரும் அறியாத மொழியில், பேசுகிறார்கள், எனக்கு வரவில்லை. "நீ இன்னும் ஆவிக்குரிய குழந்தை" என்கிறார்கள். சில வார்த்தைகளை வேகமாகத் திரும்பத் திரும்பச் சொல்லு, வந்துவிடும் என்றும் சொல்லித்தருகிறார்கள்.
– வாசகி, கோயம்புத்தூர்

மகளே, கொரிந்து சபைக்கு எந்த வரத்திலும் குறைவில்லை. இது நான் சொல்வதில்லை, முதல் நிருபம் ஒன்றாம் அதிகாரம் 7ஆம் வசனத்தில் பவுலே சொல்லுகிறார். இரண்டே அதிகாரம் தள்ளி அதே ஆட்களை "கிறிஸ்துவுக்குள் குழந்தைகள்" என்கிறார். காரணமும் சொல்லுகிறார்: பொறாமை, வாக்குவாதம், நான் பவுலைச் சேர்ந்தவன், நான் அப்பொல்லோவைச் சேர்ந்தவன் என்கிற கட்சி. ஆறாம் அதிகாரத்தில் விசுவாசிகள் ஒருவர் மேல் ஒருவர் கோர்ட்டுக்குப் போகிறார்கள். பதினோராம் அதிகாரத்தில் கர்த்தருடைய பந்தியிலேயே ஒருவன் பசியோடு இருக்க, இன்னொருவன் குடித்து வெறித்திருக்கிறான். அந்நியபாஷை நிறைந்த சபையின் லட்சணம் இது.

நான் வரத்தைக் குறை சொல்லவில்லை. பவுலுக்கே அது இருந்தது, மற்றவர்களைவிட அதிகமாக இருந்தது, அதற்காக அவர் ஸ்தோத்திரமும் பண்ணுகிறார். ஆனால் "எல்லாரும் அந்நியபாஷைகளைப் பேசுகிறார்களா?" என்று கேட்டதும் அவர்தான். அந்தக் கேள்வியைக் கேட்ட விதத்திலேயே பதில் இருக்கிறது. வரம் என்றால் கொடுப்பது. பயிற்சி கொடுத்து வாயில் வரவழைப்பதை என்னவென்று சொல்வது? எனக்குத் தெரிந்த மரியாதையான சொல் எதுவும் இல்லை.

அந்தக் கூட்டத்தைக் கவனித்துப் பாருங்கள். அங்கே இரண்டு பேருக்கு மனத்தாங்கல் வந்தால் என்ன ஆகிறது? உட்கார்ந்து பேசுகிறார்களா, அல்லது ஒருவர் வேறு கூட்டத்துக்குப் போய்விடுகிறாரா? நைட் டியூட்டியால் நீங்கள் வராத வாரத்தில் யாராவது போன் பண்ணி "சாப்பிட்டியாம்மா" என்று கேட்டார்களா, அல்லது வரவில்லையே என்று குற்றம் மட்டும் சொன்னார்களா? விடை நல்லதாக இருந்தால் அங்கேயே இருங்கள், பாஷை வந்தாலும் வராவிட்டாலும். வார்டில் மூன்றாவது தடவையும் பெல் அடிக்கிற நோயாளியிடம் முகம் சுளிக்காமல் போகிறீர்களே, அதற்குப் பெயர் நீடிய பொறுமை. கலாத்தியர் 5:22இல் நான்காவதாக இருக்கிறது. அதை யாரும் மேடையேற்றிச் சாட்சி சொல்லச் சொல்ல மாட்டார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

கேள்வி: புத்தாண்டு ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த வசன அட்டையில் எரேமியா 29:11 வந்தது: கர்த்தர் நம்மைக் குறித்து நினைப்பவை "தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்கிற வசனம். வருஷம் முடியப்போகிறது, ஒன்றும் நடக்கவில்லை. என் விசுவாசத்தில் குறைவா?
– வாசகி, அம்பாசமுத்திரம்

குறைவு அட்டையில் இருக்கிறது. அதில் 11ஆம் வசனம் மட்டும்தான் அச்சடித்திருப்பார்கள். 10ஆம் வசனம் எழுபது வருஷம் என்கிறது. பாபிலோனுக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதின கடிதம் அது. அதைக் கேட்டவர்களில் பெரியவர்கள் பலரும் ஊர் திரும்பாமல் அங்கேயே மண்ணாகியிருப்பார்கள். ஆனால் அவர்களுக்கும் அது சமாதானத்துக்கு ஏதுவான நினைவுதான். வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணிவையுங்கள், நீங்கள் இருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்று 5 முதல் 7 வரை எழுதியிருக்கிறது. அட்டையைக் கிழித்துப் போட வேண்டாம், வேதத்தில் அந்த அதிகாரத்தில் அடையாளமாகச் செருகி வையுங்கள். அடுத்த ஜனவரியில் அட்டை எடுக்கப் போனால், வீட்டுக்கு வந்ததும் அதிகாரம் முழுவதையும் வாசியுங்கள்.

கேள்வி: எனக்கு 27 வயது. ஓசூரில் ஒரு பைக் உதிரிபாகக் கம்பெனியில் இன்ஜினியர். மஸ்கட்டில் வேலை கிடைத்திருக்கிறது, சம்பளம் இரண்டு மடங்குக்கு மேல். அப்பாவுக்கு டயாலிசிஸ் நடக்கிறது. ஒரு சகோதரர் எனக்காக ஜெபித்து "திறந்த வாசல்" என்று தீர்க்கதரிசனம் சொன்னார். இன்னொரு சகோதரி "ஆபத்தைக் காண்கிறேன்" என்றார். தேவசித்தம் எது? நீங்களாவது ஜெபித்துச் சொல்லுங்கள்.
– வாசகர், ஓசூர்

மூன்றாவது ஆளாக நானுமா? தம்பி, சொல்ல மாட்டேன். தெரிந்தாலும் சொல்ல மாட்டேன்.

அப்போஸ்தலர் 21ஆம் அதிகாரத்தில் அகபு என்கிற தீர்க்கதரிசி பவுலின் கச்சையை எடுத்துத் தன் கையையும் காலையும் கட்டிக்கொண்டு, எருசலேமில் இந்தக் கச்சைக்காரனை இப்படிக் கட்டுவார்கள் என்று சொல்கிறார். அது உண்மையான தீர்க்கதரிசனம்தான், பின்னால் பவுலைச் சங்கிலி போட்டுக் கட்டவும் செய்தார்கள். கூட இருந்தவர்கள் எல்லாரும் "போகாதேயும்" என்று அழுகிறார்கள். பவுல் போகிறார். அகபு சொன்னதை அவர் பொய் என்று சொல்லவில்லை, மதிக்காமலும் இல்லை. ஆனால் போவதா வேண்டாமா என்று தீர்மானித்தது அகபு இல்லை, பவுல். இதே ஆள்தான் 16ஆம் அதிகாரத்தில் பித்தினியாவுக்குப் போகப் பார்த்தார், ஆவியானவர் விடவில்லை, துரோவாவுக்கு இறங்கினார். அதாவது, தன் புத்திக்குச் சரியென்று பட்ட திசையில் நடந்தார். அடைத்தால் திரும்பினார். வானத்திலிருந்து கடிதம் வரட்டும் என்று அந்தியோகியாவில் பாய் போட்டு உட்காரவில்லை.

எபிரெயர் 5:14ஐத் தினமும் ஒருதரம் வாசியுங்கள். பூரண வயதுள்ளவர்கள் யார் என்று அதில் சொல்லியிருக்கிறது. தரிசனம் கண்டவர்கள் என்றோ, நாற்பது நாள் உபவாசம் இருந்தவர்கள் என்றோ இல்லை. நன்மை தீமை இன்னதென்று பயிற்சியினால் பகுத்தறிகிறவர்கள் என்றிருக்கிறது. நான் கணக்கு டீச்சர், அந்த "பயிற்சி" எனக்கு நன்றாகப் புரியும். விடைப் பக்கத்தைப் பார்த்தே வீட்டுப்பாடம் எழுதுகிற பையன் நோட்டில் எல்லாமே சரியாக இருக்கும். பரீட்சையில் தெரிந்துவிடும். நம் சபைகளில் வேலை மாற, வீடு வாங்க, பெண் பார்க்க என்று எல்லாவற்றுக்கும் ஒரு தீர்க்கதரிசியைத் தேடிப் போகிறவர்கள் இருபது வருஷம் ஆனாலும் ஒரு கணக்கையும் தானாகப் போட்டிருக்க மாட்டார்கள். அவர்களைத் தேடி ஆட்கள் வந்துகொண்டே இருப்பதில் தீர்க்கதரிசிகளுக்கும் வருத்தம் இல்லை. (ஆசிரியர் இந்த வரியை வெட்டாமல் விட வேண்டும்.)

என் வீட்டுக்காரர் இருந்த ஒரு சேகரத்தில் பீடி சுற்றிப் பிழைத்த ஒரு பாட்டி உண்டு. எழுத்து வாசனை கிடையாது. பேத்தி வாசிக்கக் கேட்டுக் கேட்டே பாதிச் சங்கீதம் மனப்பாடம். அவருடைய அண்ணன் குடும்பத்தோடு சொத்துத் தகராறு, வருஷக்கணக்காகப் பேச்சுவார்த்தை இல்லை, நல்லது கெட்டதுக்குப் போக்குவரத்து இல்லை. அந்த அண்ணன் இறந்துபோனார். துஷ்டி வீட்டுக்குப் போனால் அவமானப்படுத்துவார்கள் என்று பாட்டியின் பிள்ளைகளே தடுத்தார்கள். பாட்டி சேலையை மாற்றிக்கொண்டு போய், அந்த வீட்டு முற்றத்தில் பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு வந்தார். யாரும் வாங்க என்று கேட்கவில்லை. யாரும் போ என்றும் சொல்லவில்லை. மறுநாள் எங்கள் வீட்டுப் பக்கம் வந்தபோது அடுப்படிப் படியில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னார். "போகுமுன் ஐயரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே பாட்டி" என்றேன். "இதுக்கு என்னத்துக்கும்மா ஐயரு?" என்றார். என் வீட்டுக்காரர் அதைக் கேட்டுச் சிரித்தார். அவர் சந்தோஷப்பட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். போதகர் வேலை எந்த இடத்தில் முடிய வேண்டுமோ அங்கே முடிந்திருந்தது.

உங்கள் கணக்குக்கு வருகிறேன். டயாலிசிஸ் என்றால் சாதாரணமாக வாரத்துக்கு மூன்று நாள். அப்பாவை யார் கூட்டிக்கொண்டு போகிறார்கள், நீங்கள் போனால் யார்? அம்மாவால் முடியுமா? கூடுதல் சம்பளத்தில் ஒரு ஆளும் ஆட்டோவும் வைக்க முடியுமா, அப்பா அதை ஏற்பாரா? கடன் இருக்கிறதா? அந்த ஏஜென்சி வெளியுறவுத் துறையின் இ-மைகிரேட் தளத்தில் பதிவானதுதானா என்று பார்த்தீர்களா? ஒப்பந்தத்தில் விடுமுறை எப்போது, அவசரத்துக்கு ஊர் வர விடுவார்களா? இதையெல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள். அப்புறம் உங்களை நன்றாகத் தெரிந்த, உங்கள் முடிவால் லாபமும் நஷ்டமும் இல்லாத இரண்டு பேரிடம் காட்டுங்கள். அப்பாவிடம் கேளுங்கள். உங்கள் கடிதத்தில் இரண்டு தீர்க்கதரிசிகள் சொன்னது இருக்கிறது, அப்பா என்ன சொன்னார் என்பது இல்லை. ஜெபம் பண்ணுங்கள், "வழியைக் காட்டும்" என்பதோடு "பொய் ஆசை இருந்தால் அதையும் காட்டும்" என்று சேர்த்து. எருசலேமில் அப்போஸ்தலர்கள் மிகுந்த தர்க்கம் பண்ணிவிட்டு, "பரிசுத்த ஆவிக்கும் எங்களுக்கும் நலமாகக் கண்டது" என்று எழுதினார்கள். "எங்களுக்கும்" என்று எழுத அவர்கள் பயப்படவில்லை. முடிவு எடுத்த பிறகு எழுதுங்கள். மஸ்கட்டா ஓசூரா என்பதைவிட, எப்படி முடிவெடுத்தீர்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை.

கேள்வி: என் மாமியார் காலை நான்கு மணிக்கு எழுந்து ஜெபிப்பவர், உபவாச ஜெபம் ஒன்றும் தவறவிட மாட்டார். ஆனால் வீட்டில் அவர் நாக்கு தாங்க முடியவில்லை. குடும்ப ஜெபத்திலேயே "இந்த வீட்டுக்கு வந்தவளுடைய இருதயத்தை மாற்றும் ஆண்டவரே" என்று சத்தமாக ஜெபிக்கிறார். இவ்வளவு ஜெபிப்பவர் ஏன் வளரவில்லை?
– பெயர் வேண்டாம், மார்த்தாண்டம்

அந்த ஜெபத்தைப் படித்துச் சிரித்துவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள். நானும் மருமகளாக இருந்தவள்தான்.

தன் நாவை அடக்காதவனுடைய தேவபக்தி வீண் என்று யாக்கோபு முதல் அதிகாரத்திலேயே எழுதிவிட்டார். ஆகையால் உங்கள் மாமியாரைப் பற்றி நீங்கள் கேட்பதற்கு வேதத்தில் பதில் இருக்கிறது. அதை வைத்து நீங்கள் என்ன செய்ய முடியும்? ஒன்றும் முடியாது. அவர் ஏன் வளரவில்லை என்பது அவருக்கும் கர்த்தருக்கும் உள்ள விஷயம். அந்த நான்கு மணி ஜெபமும் பொய்யாக இருக்க வேண்டும் என்று இல்லை. கர்த்தருக்கு முன் உண்மையாக அழுதுவிட்டு, அடுக்களைக்குள் வந்ததும் பழைய ஆளாகிவிடுகிறவர்கள் நிறைய. முழங்காலில் இருக்கும்போது எதிரே மனுஷர் இல்லை, அதனால் சுலபம்.

உங்கள் பங்குக்கு வருவோம். மத்தேயு 18:15, தனியாகப் போய்ச் சொல்லு என்கிறது. கணவரிடம் சொல்லி அவர் மூலமாக இல்லை. பெண்கள் ஐக்கிய சங்கத்தில் "ஒரு குடும்பப் பிரச்சினைக்காக ஜெபியுங்கள்" என்று பூடகமாகச் சொல்லியும் இல்லை. அதுவும் உங்கள் மாமியார் ஜெபிக்கிற ஜெபத்தின் தங்கைதான். வீட்டில் வேறு யாரும் இல்லாத நேரம் பார்த்து, "அத்தை, என்கிட்ட சொல்ல வேண்டியதை என்கிட்டயே சொல்லுங்க. ஜெபத்துல சொன்னா எனக்குப் பதில் சொல்ல வழி இல்லாம போகுது" என்று சொல்லுங்கள். குரல் உயராமல் இதைச் சொல்லிப் பழக ஒரு வாரம் ஆகும், கண்ணாடி முன்பு பழகுங்கள். அவர் கோபப்படலாம். ஆனால் அதற்குப் பிறகு அந்த ஜெபத்தைப் பழைய மாதிரி ஜெபிப்பது அவருக்குக் கஷ்டம். கையை ஓங்குவது, பட்டினி போடுவது, நகை பணம் கேட்பது என்று ஏதாவது இருந்தால் நான் சொன்ன எதையும் பின்பற்ற வேண்டாம். அது வேறு விஷயம், அம்மா வீட்டுக்கும் போலீசுக்கும் சொல்ல வேண்டியது. 181க்கு போன் பண்ணுங்கள், பெண்களுக்கான உதவி எண்.

கேள்வி: முப்பது வருஷமாகச் சேகரக் கமிட்டியில் இருக்கிறேன். புதிதாக வந்த ஐயர் எதற்கும் என்னைக் கலந்துகொள்வதில்லை. வாலிபர்களை வைத்தே எல்லாம் நடத்துகிறார். மூத்த விசுவாசிகளுக்கு மரியாதை இல்லையா?
– வாசகர், தூத்துக்குடி மாவட்டம்

அண்ணாச்சி, இன்று இரவு யோவானின் மூன்றாம் நிருபத்தை வாசியுங்கள். ஒரே அதிகாரம், பத்து நிமிஷம் கூட ஆகாது. அதில் காயு, தியோத்திரேப்பு, தேமேத்திரியு என்று மூன்று பேர் வருகிறார்கள். இதில் நீங்கள் யார் என்று வீட்டில் அக்காவைக் கேளுங்கள்.

கேள்வி: என் மகன் இன்ஜினியரிங் முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்கு வர மறுக்கிறான். "ஜாதி பார்த்துக் கல்யாணம் பண்ணுகிறீர்கள், ஜாதி பார்த்து ஓட்டுப் போடுகிறீர்கள், திருவிருந்தில் அப்பம் வாங்கும்போது மட்டும் ஒரே சரீரமா?" என்று கேட்கிறான். உபதேசியார் இது பிசாசின் கிரியை, அந்தப் பிசாசைக் கட்டி (அடக்கி) ஜெபிக்க வேண்டும் என்கிறார். அவன் விசுவாசம் போய்விட்டதா?
– ஒரு தாய், நாகர்கோவில்

தங்கச்சி, உங்கள் மகன் கேட்டதைப் பவுல் கொரிந்தியரிடம் கேட்டார், யாக்கோபு தன் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் கேட்டார். 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் ஜாதி உடனடியாக, அடியோடு ஒழிய வேண்டும் என்று தென்னிந்திய சபைகளுக்குக் கடிதம் எழுதினார். தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் ஜாதியை விடுவதற்குப் பதிலாகச் சபையை விட்டார்கள். கிட்டத்தட்ட இருநூறு வருஷம் ஆகப்போகிறது, நம் கிறிஸ்தவப் பத்திரிகைகளின் மணமகன், மணமகள் தேவை பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். இந்தப் பத்திரிகை உட்பட. நன்மை தீமை பகுத்தறிவது முதிர்ச்சி என்று மேலே ஓசூர்த் தம்பிக்கு எழுதியிருக்கிறேன். அந்த விஷயத்தில் உங்கள் மகன் உபதேசியாரைவிட ஒரு படி மேலே நிற்கிறான். கட்டி ஜெபிக்க அங்கே ஒன்றும் இல்லை.

அதற்காக அவன் கோவிலுக்கு வராமல் இருப்பது சரி என்று சொல்லவில்லை. பிறர் தப்பைக் கண்டுபிடிக்கத் தெரிவது பாதிதான். அந்தத் தப்போடு இருக்கிற ஜனங்களோடு சேர்ந்து நின்று அதை மாற்றுவது மீதிப் பாதி, அதற்கு வயது ஆகும். அதுவரை அவனை எப்படி வைத்துக்கொள்வது என்றால், தோமாவைச் சீஷர்கள் வைத்துக்கொண்ட மாதிரி. இயேசு உயிர்த்தெழுந்தார் என்று மற்றவர்கள் சொன்னபோது, "நான் விசுவாசிக்கமாட்டேன்" என்று தோமா நேராகச் சொல்லிவிட்டார். எட்டு நாளைக்குப் பிறகு இயேசு வந்தபோது தோமா எங்கே இருந்தார்? அதே வீட்டுக்குள், அவர்களோடு. விசுவாசிக்காதவனுக்கு இங்கே இடமில்லை என்று யாரும் துரத்தவில்லை. அவரும் கோபித்துக்கொண்டு போகவில்லை. இரண்டுமே நடந்ததால்தான் "என் ஆண்டவரே! என் தேவனே!" என்று சொல்ல அவர் அங்கே இருந்தார்.

கால அளவும் நம் கையில் இல்லை. இரட்சணிய யாத்திரிகம் பாடிய எச். ஏ. கிருஷ்ண பிள்ளை 1853இல் சாயர்புரத்தில் மிஷன் பள்ளிக்குத் தமிழாசிரியராக வந்தார். வைஷ்ணவர். சுற்றிலும் கிறிஸ்தவர்கள், தினமும் வேதவசனம் காதில் விழும் இடம். ஞானஸ்நானம் பெற்றது 1858இல். அந்த வருஷங்களில் யாராவது அவரைக் கட்டி ஜெபித்திருந்தால் ஓடியே போயிருப்பார் என்று எனக்குத் தோன்றும்.

வீட்டில் குடும்ப ஜெபத்துக்கு அவனை வற்புறுத்தாதீர்கள், ஆனால் அவன் இருக்கும்போதே நடத்துங்கள். கேள்வி கேட்டால் "அப்படிப் பேசாதே" என்று வாயை மூடாதீர்கள். தெரிந்தால் பதில் சொல்லுங்கள், தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள், அதைக் கேட்டு எந்தப் பிள்ளையும் கெட்டுப்போனதில்லை. இன்னும் மூன்று நான்கு வருஷத்தில் அவனுக்குப் பெண் பார்ப்பீர்கள். அப்போது புரோக்கரிடம் முதல் கேள்வி என்ன கேட்கப்போகிறீர்கள் என்று அவன் பார்த்துக்கொண்டிருக்கிறான். அதற்கு இப்போதே நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் உட்கார்ந்து பேசுங்கள்.

கேள்வி: எனக்கு 81 வயது. முழங்கால் வலியால் கோவிலுக்குப் போய் எட்டு மாதம் ஆகிறது. கண்ணும் மங்கல். பைபிள் வகுப்பு எடுத்தவன், பாடகர் குழுவில் பாடியவன். இனிமேல் எனக்கு ஆவிக்குரிய வளர்ச்சி என்று ஒன்று உண்டா? இருந்ததை இழக்காமல் இருந்தால் போதுமா?
– வாசகர், நாசரேத்

ஐயா, போதாது. பவுல் சிறையிலிருந்து பிலிப்பியருக்கு எழுதும்போது, நான் முற்றும் தேறினவன் என்று எண்ணவில்லை, தொடருகிறேன் என்றுதான் எழுதுகிறார். ஓய்வூதியம் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

டோனாவூர் உங்களுக்குப் பக்கம்தான், சொல்ல வேண்டியதில்லை. அங்கே பிள்ளைகளுக்காக இல்லம் நடத்திய ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931இல் விழுந்து அடிபட்டார். 1951இல் இறக்கும்வரை பெரும்பாலும் தன் அறையை விட்டு வெளியே வர முடியவில்லை. ஓடியாடிப் பிள்ளைகளை மீட்ட பெண்மணிக்கு இருபது வருஷம் கட்டிலும் ஜன்னலும். அந்தக் கட்டிலில் இருந்துதான் நிறையப் புத்தகங்களை எழுதினார். உங்களிடம் புத்தகம் எழுதச் சொல்லவில்லை. பைபிள் வகுப்பு எடுத்தவர் என்கிறீர்கள், அந்தப் பிள்ளைகள் இப்போது எங்கெங்கே இருக்கிறார்கள்? பெயர்களைப் பேத்தியோ பக்கத்து வீட்டுப் பையனோ பெரிய எழுத்தில் எழுதித் தரட்டும். ஒரு நாளைக்கு ஒருவருக்காக ஜெபியுங்கள், முடிந்தால் அன்றைக்கே அவருக்கு ஒரு போன். யாரோடாவது பழைய வருத்தம் இருந்தால் அந்தப் பெயரைப் பட்டியலின் முதலில் போடுங்கள், கடைசியில் போட்டால் வராது.

வளர்ச்சியில் உங்கள் வயதுக்கென்றே ஒரு பாடம் இருக்கிறது. இதுவரை கொடுத்துப் பழகிய கைக்கு வாங்கத் தெரிய வேண்டும். குளிக்க வைக்கிற மகனிடமும் சோறு பிசைந்து தருகிற மருமகளிடமும் எரிந்து விழாமல் வாங்கிக்கொள்வது, பைபிள் வகுப்பு எடுப்பதைவிடக் கஷ்டம் என்று என் வீட்டுக்காரர் கடைசி நாட்களில் சொன்னார்.

அப்புறம், எட்டு மாதமாகத் திருவிருந்து இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஐயருக்குச் சொல்லியனுப்பி வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுக்கச் சொல்லுங்கள். தொந்தரவு என்று கூச்சப்படாதீர்கள், அது அவருடைய வேலை. வரும்போது கூடவே ஒரு பாடகர் குழுப் பையனையும் கூட்டிவரச் சொல்லுங்கள், கீர்த்தனைப் புத்தகத்தோடு.